நான்காவது கடை

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளைக் காலை புதுச்சேரிக்குப் புறப்படுகிறேன். ஐந்து நாள் தங்கல். நிறைமதி தொலைபேசியில் சொன்ன காரணம் இது: ஜூன் ஏழு மாலை வரவேற்பில் பீட்சா கவுன்ட்டர் வைக்கப் போகிறார்கள். ஊரில் எந்தக் கடைப் பீட்சா சிறந்தது என்பதில் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை. "நீங்க வந்து சாப்பிட்டுப் பாத்து சொல்லுங்கப்பா. நீங்க சொல்றதுதான் முடிவு."

என் ஒரே மகளின் திருமணத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் அபிப்பிராயம் இது. மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். மண்டபத்தை வத்சலா பார்த்தாள். முகூர்த்த நாளை வத்சலாவின் அண்ணன் திருஞானம் குறித்தார். எனக்கு மிஞ்சியது பீட்சா.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. முகூர்த்தத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக மணையில் உட்கார வேண்டும். நானும் வத்சலாவும் பிரிந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே திருஞானமும் அவர் மனைவியும்தான் உட்காருவார்கள். இதை என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய பொறுப்பு நிறைமதியின் தலையில் விழுந்திருக்கிறது. சொல்லட்டும். எனக்கு அந்தச் சடங்கில் நம்பிக்கை கிடையாது. என் திருமணத்திலேயே அதை நடத்த விடாதவன் நான்.

துறைத் தலைவர் விடுப்புக் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். என்னிடம் வேதியியல் படித்தவன். என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

ஏப்ரல் 23, புதன்

விடுதியில் வெந்நீர் வரவில்லை. மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே இரண்டு புகார்கள் இருந்தன.

மாலை ஆறு மணிக்கு இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் வினோபா. பழைய பிரெஞ்சு வீடுகளைப் புதுப்பிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. தாத்தா பூதான இயக்கத்தில் இருந்தவராம். பேரன் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு சீஸைப் பற்றிப் பேசுகிறான்.

முதல் கடை கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடு. முற்றத்தில் மேசைகள். எங்களுக்கு முன்னால் நான்கு பெண்கள் சுவரோடு சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பீட்சா ஆறிக்கொண்டிருந்தது.

"மாமா, இது சும்மா போட்டோ கடை. எங்கம்மா சொன்னாங்கன்னுதான் லிஸ்ட்ல இருக்கு" என்றான் வினோபா.

"ஏய், மாமனார் முன்னாடி மாமியாரக் கவுக்காத" என்றாள் நிறைமதி.

"நான் கவுக்கல. உண்மையச் சொல்றேன். மாவப் பாரு, அப்பளமாட்டம் இருக்கு."

"அதான்டா மெலிசு. உனக்குப் பரோட்டா மாதிரி இருந்தாத்தான் பீட்சா."

இப்படியே அரை மணி நேரம். நான் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, மாவு, சாறு, பாலாடைக்கட்டி, வேக்காடு என்று நான்கு கட்டங்கள் போட்டேன். நிறைமதி அதைப் பார்த்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. அவள் ஐந்து வயதில் என் ஆய்வகத்துக்கு வந்து லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது.

பிறகு சொன்னாள்: "ஒன்பதாவது பர்த்டேக்குத் திருச்சியில பீட்சா சாப்புடக் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்காப்பா? அன்னிக்குச் சாப்புடாததுக்கு வட்டியும் முதலுமா இப்பச் சாப்புடுவோம்."

"கேட்ருக்கேன், கேட்ருக்கேன்" என்றான் வினோபா.

எப்படிக் கேட்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும். வத்சலா சொல்லும் விதத்தில். நடந்தது இதுதான். குடைமிளகாய் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். போட்டுக் கொண்டுவந்தார்கள். பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடலாமே என்றாள் வத்சலா. பொறுக்கி எடுப்பதல்ல பிரச்சினை. சொன்னதைக் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை. மேலாளரை அழைத்தேன். அவர் வர இருபது நிமிடம், பேச இருபது நிமிடம். அதுவரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கடைசியில் சாப்பிடாமல் வெளியே வந்தோம். குழந்தைக்கு வழியில் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அதை யாரும் சொல்வதில்லை.

எழுந்திருக்கும் நேரத்தில் நிறைமதி, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"முதல்ல வேக்காட்டுக்கு எவ்வளவு போடலாம், சொல்லு" என்றேன்.

"ஆறு போடுங்க" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காலையிலும் வெந்நீர் இல்லை.

மதியம் குயிலாப்பாளையம். இது வினோபாவின் கடை. முந்திரி மரத்தடியில் ஓலைக் கொட்டகை, பக்கத்தில் மண் அடுப்பு. சவுக்கு விறகு எரிகிறது. இத்தாலியப் பெண்மணி ஒருவர் தொடங்கியதாம். அவர் ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் மாவு பிசையக் கற்ற உள்ளூர்க்காரர்கள் நடத்துகிறார்கள். நானூறு டிகிரி இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றரை நிமிடத்தில் வெளியே வருகிறது. ஓரத்தில் கரும்புள்ளிகள், நடுவில் ஈரம். மாவை முதல் நாளே பிசைந்து புளிக்க விடுகிறார்கள். நன்றாக இருந்தது. அதை வினோபாவிடம் சொல்லவில்லை.

"எப்டி மாமா?"

"யோசிக்கணும்."

"இதுக்கு மேல யோசிக்க இன்னா மாமா இருக்கு?"

"சும்மா இரு, அப்பாவுக்குத் தோணுறத அவரு சொல்வாரு" என்றாள் நிறைமதி.

வினோபா கை கழுவப் போனான். பதினைந்து நிமிடம் கழுவினான். அடுப்பருகே நின்று விறகுக்காரரோடு பேசுவதும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தது. ஏற்பாடு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

நிறைமதி தட்டில் இருந்த துளசி இலையை நான்காக மடித்தாள். "அப்பா, முகூர்த்தத்தன்னிக்கு..."

அவளுக்குச் சிரமம் வைக்க நான் விரும்பவில்லை. "சொல்ல வேண்டாம், புரியுது. உங்க மாமா உக்காரட்டும். எனக்கு அதுல விருப்பமும் இல்ல, வருத்தமும் இல்ல. பொண்ணு என்ன பசுமாடா, தண்ணி ஊத்தித் தானம் குடுக்க?"

 துளசி இலையைப் பிரித்துத் தட்டில் வைத்தாள்.

"தாத்தாகிட்டயும் இதே வார்த்ததான் சொன்னீங்களாமே."

"ஆமா. அன்னிக்குச் சொன்னதுதான். இன்னிக்கும் மாறல."

"சாகுற வரைக்கும் தாத்தா அதச் சொல்லிட்டே இருப்பாருப்பா."

தெரியும். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கடலூரில் ஒரு மேடையில், ஒலிபெருக்கியில்தான் அதைச் சொன்னேன். கை தட்டினார்கள். என் மாமனார் பித்தளைச் செம்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டிருந்தார். எல்லாம் முடியும்வரை செம்பும் கையுமாக ஓரத்தில் நின்றார். பிறகு இறங்கிப் போய் அந்தத் தண்ணீரை வாசலில் கட்டியிருந்த வாழையின் அடியில் ஊற்றினார். வெட்டிக் கொண்டுவந்து கட்டிய மரம். வேர் கிடையாது. அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆண்டின் நாட்குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

வினோபா திரும்பி வந்ததும் நிறைமதியின் முகத்தைப் பார்த்தான். அவள் இல்லை என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். நான் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். மாவு ஒன்பது. வேக்காடு ஒன்பது.

ஏப்ரல் 25, வெள்ளி. காலை

நேரு வீதியில் நடந்தேன். ஒரு வேட்டி வாங்கினேன். பட்டு, நான்கு விரல் கரை. வீட்டில் இருக்கும் வேட்டி மஞ்சள் பாரித்துவிட்டது. வேறு காரணம் இல்லை.

வெள்ளி. இரவு

மாலை லாஸ்பேட்டை. இது நிறைமதியின் கடை. கடை என்று சொல்லக் கூடாது. கல்லூரி மதிலை ஒட்டிய தள்ளுவண்டி. ஏழுமலை என்பவர் நடத்துகிறார். அடுப்பு கிடையாது. தோசைக்கல்லில் மாவைப் போட்டு, மேலே சாறு, சோளம், சீஸ் எல்லாம் தூவி, ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் தணல் வைக்கிறார்.

"ஓவனா? அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? கீழ நெருப்பு, மேல நெருப்பு, நடுவுல மாவு. வெந்துட்டுப் போவுது" என்றார்.

கொள்கை சரிதான். ஆனால் மாவில் சர்க்கரை அதிகம். சாறு தக்காளி ஜாம் போல இனிக்கிறது. "இது பன்னு மேல சாஸ்" என்றேன்.

"பாத்தியா, பாத்தியா! மாமாவே சொல்லிட்டாரு" என்று குதித்தான் வினோபா.

"சொல்லட்டும். காலேஜ் மூணு வருஷமும் நான் அழுதா, இந்தண்ணன் எக்ஸ்ட்ரா சீஸ் போடுவாரு. உன் குயிலாப்பாளையத்துல போடுவாங்களா?"

"அங்க யாரும் அழ மாட்டாங்க. பில்லப் பாத்தாத்தான் அழுவாங்க."

ஏழுமலை சிரித்து, கேட்காமலே அவளுடைய தட்டில் இன்னொரு பிடி தூவினார். அந்த மூன்று வருடத்தில் அவள் எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

இன்று அவள் எதையும் ஆரம்பிக்கவில்லை. லேசாக இருந்தாள். என் சட்டையில் விழுந்த சாற்றைத் தானே துடைத்தாள். நடுவில் அவளுக்குத் தொலைபேசி வந்தது. வண்டிக்குப் பின்னால் போய்ப் பேசினாள். ஒட்டுக் கேட்பது என் பழக்கம் அல்ல. அவளுக்குக் குரல் பெரிது.

"ஆமா மாமா. ஆச்சு... இல்ல, நான் முழுசாக் கேக்கக்கூட இல்ல, அதுக்குள்ள வேண்டாம்னுட்டாரு... நீங்களும் அத்தையுமே உக்காந்துடுங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். பிரஸ்ஸுக்கு மேட்டர் குடுத்துடுங்க."

யார் எதை வேண்டாம் என்றார் என்று நான் விசாரிக்கவில்லை.

திரும்பி வந்து, "சரிப்பா, மூணும் முடிஞ்சுது. தீர்ப்பச் சொல்லுங்க" என்றாள்.

"மூணு வச்சு முடிவு சொல்ல முடியாது. நாலாவது ஒண்ணு வேணும்" என்றேன்.

"லிஸ்ட்ல மூணுதானேப்பா."

"நாளைக்கு மதியம் நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரும் வாங்க."

ஏழுமலை, "நம்ம கடயோட நிப்பாட்டிக்குங்க சார். நாலாவது போனா வயிறு கேக்காது" என்றார்.

நாளை பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

முத்தியால்பேட்டையில் ஒரு பேக்கரி. காலையில் தேடிக் கண்டுபிடித்தேன். வெளியே பலகையில் "பீட்சா கிடைக்கும்" என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டரைக்கே போய் மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையைப் பிடித்தேன். வேட்டிப் பையையும் கொண்டுபோயிருந்தேன். அறையில் வைத்துவிட்டு வர அந்த மேலாளரை நம்ப முடியாது.

ஒன்றரைக்கு வந்தார்கள். உட்கார்வதற்கு முன்பே நிறைமதி கைபேசியை நீட்டினாள். "புரூஃப் வந்துடுச்சுப்பா. முதல்ல உங்ககிட்டதான் காட்டுறேன். பாருங்க."

பத்திரிகை. மேலே பிள்ளையார். மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பவர்கள் இடத்தில் திருஞானம் தம்பதியர். மணமகள் "பேராசிரியர் இ. அறிவழகன், வத்சலா ஆகியோரின் மகள்". அது தவிர்க்க முடியாதது. கீழே வரவேற்பு நிகழ்ச்சியில் தனி வரி: "வாழ்த்துரை: பேராசிரியர் இ. அறிவழகன்."

"பத்து நிமிஷம் உங்களுக்கு" என்றாள். "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி. மேடை, மைக்கு, எது வேணாலும் பேசுங்க. சடங்குல உங்கள இழுக்க மாட்டேன்."

அவள் முகத்தில் ஒரு தந்திரமும் இல்லை. எனக்குப் பொருத்தமான இடத்தைத் தேடிக் கொடுத்துவிட்ட நிம்மதி இருந்தது.

அதற்குள் வத்சலா அழைத்துவிட்டாள் போலிருக்கிறது. "அம்மா" என்று சொல்லிவிட்டு நிறைமதி வெளியே போனாள். பேக்கரிக்காரர் பீட்சாவைக் கொண்டுவந்து வைத்தார். அதன்மேல் குடைமிளகாய் இருந்தது.

வினோபா நாற்காலியை முன்னால் இழுத்தான்.

"மாமா, நான் சொல்லக் கூடாது. சொன்னேன்னு தெரிஞ்சா என்னக் கொன்னுடுவா. அன்னிக்கு நீங்க மாமா உக்காரட்டும்னு சொன்னீங்கல்ல? அவ அதச் சொல்ல வரல. உங்களையும் அத்தையையும் சேந்து மணையில உக்காரச் சொல்லிக் கேக்கத்தான் வந்தா."

"வத்சலா பக்கத்துலயா?"

"அத்த ஒத்துக்கிட்டாங்க மாமா. மூணு வாரம் ஆச்சு ஒத்துக்க. திருஞானம் மாமாவே, பெத்தவரு இருக்கறப்ப அவருதான் உக்காரணும்னு சொல்லிட்டாரு. எல்லாரையும் இவ ஒவ்வொருத்தராப் பேசிப் பேசிக் கரைச்சா. உங்களக் கடைசியா வச்சிருந்தா. பயம்."

நான் குடைமிளகாயைப் பொறுக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல. நாலு மணிக்குத்தான் அச்சுக்குப் போவுது. அவ வந்ததும் ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். மத்தத நாங்க பாத்துக்குறோம். மாமா? கேக்குதா?"

கேட்டது.

வேட்டிப் பை என் மடியில் இருந்தது. வாயில் வார்த்தையும் இருந்தது, இரண்டே சொல். நிறைமதி உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் பொறுக்கி வைத்த குடைமிளகாயைப் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"பத்திரிகை எப்டிப்பா? எதாச்சும் மாத்தணுமா?"

வினோபா என்னைப் பார்த்தான்.

"பேராசிரியருக்குப் பக்கத்துல முனைவர்னு சேக்கணும்" என்றேன். "விட்டுட்டாங்க."

"சரிப்பா" என்று உடனே தட்டச்சு செய்து அனுப்பினாள்.

வினோபா எழுந்து கை கழுவப் போனான். இந்த முறை சீக்கிரம் வந்துவிட்டான்.

"அப்போ தீர்ப்பு?" என்றாள் நிறைமதி.

"ஏழுமலை."

"பொய் சொல்லாதீங்கப்பா. பன்னு மேல சாஸ்னீங்க."

"நீங்க சொல்றதுதான் முடிவுன்னு நீதான சொன்ன? ஏழுமலை."

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். வினோபா சிரிக்கவில்லை. குயிலாப்பாளையம் தோற்ற வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் நேராகக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வியை முடிக்க மூன்று நாளும் மூன்று கடையும் போதாதா? பெற்றவன் வாயைத் திறந்து இடம் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், அது யாருடைய தவறு?

அறையை ஒரு நாள் முன்பே காலி செய்தேன்.

சனி. விழுப்புரம்

நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்தேன். கைபேசி கையிலேயே இருந்தது. நான்கே கால்வரை இருந்தது.

மே 9, வெள்ளி

பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய உறை. முனைவர் என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

வாழ்த்துரை எழுதி முடித்தேன். எட்டுப் பக்கம். பசுமாட்டு வாக்கியத்தை அடித்துவிட்டேன். நேரம் போதாது என்பதால்.

ஜூன் 7, சனி

வரவேற்பு. ஏழுமலை மூன்று தோசைக்கல், மூன்று சட்டியோடு வந்திருந்தார். புதுச் சட்டை. "சார், நம்மள செலக்ட் பண்ணது நீங்கதானாமே! பாப்பா சொல்லுச்சு. மொத துண்டு உங்களுக்குத்தான்" என்று கையில் திணித்தார். அதே இனிப்பு.

நான் பேசிய பத்து நிமிடமும் கூட்டம் அவருடைய வரிசையில் நின்றது. வரிசை மேடைக்கு முன்னால் வளைந்து வாசல்வரை போயிருந்தது. எட்டுப் பக்கத்தில் ஐந்தைப் படித்தேன். நிறைமதி மட்டும் மேடையில் நின்றபடியே முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் அவள் கை தட்டுவது ஒலிபெருக்கியில் தனியாகக் கேட்டது.

வத்சலாவைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பார்த்தேன். "சாப்டீங்களா?" என்றாள். "ஆச்சு" என்றேன். பதினேழு ஆண்டுகளில் நாங்கள் சச்சரவில்லாமல் முடித்த முதல் உரையாடல்.

ஜூன் 8, ஞாயிறு

முகூர்த்தம் ஏழரைக்கு. ஆறரைக்கே போய்விட்டேன். பட்டு வேட்டி கட்டியிருந்தேன். கட்டாமல் பெட்டியில் வைத்தால் மடிப்பில் இற்றுப் போகும்.

மூன்றாவது வரிசை, ஓர இருக்கை. மேடை நன்றாகத் தெரிந்தது. தேங்காய், வெற்றிலை, பக்கத்தில் பித்தளைச் செம்பு. விளிம்பில் ஒரு நசுங்கல். அதே செம்பு. திருஞானம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

புரோகிதர் இளைஞர். வெளியூர்க்காரராம், குடும்பத்தின் கதை எதுவும் அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, "பொண்ணோட அப்பா அம்மா ரெண்டு பேரும் மணைக்கு வாங்கோ. அப்பா எங்க இருக்கார்? நேரமாறது, சீக்கிரம் வாங்கோ" என்றார்.

திருஞானமும் அவர் மனைவியும் அப்போதே மேடைப் படியில் ஏறிவிட்டிருந்தார்கள். நிறைமதி மட்டும் மாலைக்கு மேலே தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் என் பக்கமாகப் பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது வரிசைக்கு மின்விசிறிக் காற்று சரியாக வரவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றுதான் எழுந்தேன்.